முகம் பார்த்து வருகை பதியும் கருவி: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

திருப்பூரில் பின்னலாடை தைத்து அனுப்பும் நடுத்தர அளவிலான தொழிற்கூடம் ஒன்றில் அலுவலகப் பொறுப்பும் சம்பளக் கணக்கும் என்னிடம் இருக்கின்றன. கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து 74 பேர் வேலை செய்கிறார்கள். பாதிக்கு மேல் பெண்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்தவர். பதினான்கு மாதங்களுக்கு முன் எங்கள் நுழைவாயிலில் முகம் பார்த்து வருகை பதியும் கருவி ஒன்றை மாட்டினோம். வாங்கும்போது நான் கேட்காமல் விட்ட கேள்விகள் பல. அதே போன்ற கருவியை வாங்க நினைக்கும் மற்றத் தொழிற்கூடத்தார் அந்தக் கேள்விகளை முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதற்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். விற்ற நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஒரே பெட்டி வெவ்வேறு பெயர்கள் ஒட்டப்பட்டுச் சந்தையில் கிடைக்கிறது. நான் சொல்லப்போகும் குறைகளும் ஒரு பெயரோடு நின்றுவிடுபவை அல்ல.

இதற்கு முன் எங்களிடம் விரல்ரேகைக் கருவி இருந்தது. துணி வெட்டுகிறவர்களுக்கும், பிசிர் வெட்டுகிறவர்களுக்கும், நாள் முழுவதும் சூடான துணியைத் தொட்டுக்கொண்டிருக்கும் அயர்ன் மாஸ்டர்களுக்கும் விரல் நுனி தேய்ந்துவிடும். காலையில் நான்கைந்து முறை விரலை வைத்தும் பதியாமல், பின்னால் வரிசை நீண்டு, கடைசியில் மேற்பார்வையாளர் கையால் எழுதிக்கொள்வார். அந்தக் கையெழுத்துப் பக்கம் வாரக் கடைசியில் தகராறாகி என் மேசைக்கு வரும். முகம் பார்க்கும் கருவி இந்தத் தொல்லையைத் தீர்க்கும் என்று விற்பனையாளர் சொன்னார். அது உண்மைதான். கருவியின் விலை, மாட்டும் கூலி, வரி எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. கணக்கை இணையத்தில் சேமித்துக் கைப்பேசியில் காட்டும் சேவைக்கு ஆண்டுச் சந்தா தனி.

முதலில் அதன் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆள் எதிரில் வந்து நின்றதும் ஒரு நொடிக்குள் பெயரைச் சொல்லி வருகையைப் பதிந்துவிடுகிறது. அகச்சிவப்புக் கேமராவும் உள்ளே இருப்பதால் இரவு ஷிப்ட் முடிந்து மங்கலான வெளிச்சத்தில் வெளியேறுகிறவர்களையும் அடையாளம் காண்கிறது. கைப்பேசியில் இருக்கும் புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றப் பார்த்தோம், ஏமாறவில்லை. மின்சாரம் போனால் யூபிஎஸ்ஸில் ஓடுகிறது. இணையம் துண்டிக்கப்பட்டால் பதிவுகளைத் தன்னிடமே வைத்திருந்து பிறகு அனுப்புகிறது. சனிக்கிழமைச் சம்பளப் பட்டியல் போட எனக்கு முன்பு ஒரு முழு நாள் வேண்டியிருந்தது. இப்போது இரண்டு மணி நேரம் போதும். இந்த அளவில் கருவியின் மேல் எனக்குக் குறையில்லை. இணையத்தில் படிக்கக் கிடைக்கும் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தோடு நின்று ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடுகின்றன.

ஆனால் எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது. காலை எட்டரை மணிக்கு வருகிறவரின் முதுகுக்குப் பின்னால் வெயில் நேராக அடிக்கும். முகம் நிழலில் இருக்கும். அந்த நேரத்தில் மாநிறத்தவர்களைத் தடையின்றி ஏற்றுக்கொண்ட கருவி, கருத்த நிறமுள்ளவர்களில் சிலரை மட்டும் மீண்டும் மீண்டும் நிராகரித்தது. அவர்களில் பெண்களே அதிகம். முதல் மாதத்தில் நான் இதைத் தற்செயல் என்றே எடுத்துக்கொண்டேன். பிறகுதான், அமெரிக்காவில் ஜாய் புலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களை அவர்கள் சோதித்தபோது, வெளுத்த நிற ஆண்கள் விஷயத்தில் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதமாகவும், கருத்த நிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 சதவீதம் வரையிலும் இருந்தது. அவர்கள் சோதித்தது வேறு வகைப் பணி, வேறு மென்பொருள். எங்கள் கருவிக்கு அந்த எண்கள் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. எந்த முகங்களைக் காட்டி மென்பொருளைப் பழக்கினார்களோ அந்த முகங்களிடம் அது நன்றாக நடந்துகொள்ளும் என்ற அடிப்படை மட்டும் எங்கள் வாசலிலும் கண்முன் தெரிந்தது.

திருப்பூரில் இது சின்னச் சங்கடமாக முடிந்துவிடுவதில்லை. இங்கே கூலி ஷிப்ட் கணக்கில் நடக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் பதிவானால் கால் ஷிப்ட் குறையும் என்று மென்பொருளில் எழுதிவைத்திருந்தோம். எட்டு இருபத்தெட்டுக்கு வாசலுக்கு வந்தும், கருவி மூன்று முறை மறுத்ததால் எட்டு முப்பத்தைந்துக்குப் பதிவான, டெய்லருக்கு உதவியாக இருக்கும் ஒரு கைமடிப் பெண்ணுக்கு அந்த வாரம் கால் ஷிப்ட் கூலி போயிற்று. அவர் என்னிடம் வந்து, “மெஷின் என்னைய மட்டும் ஆகாதுங்குது சார், நானென்னங்க பண்றது?” என்று கேட்டபோதுதான், பிழையின் சுமையைத் தூக்குகிறவர் யார் என்பதை நான் முதன்முறையாக யோசித்தேன். கருவி தவறினால் விற்றவருக்கு இழப்பில்லை, எங்களுக்கும் இழப்பில்லை. இருப்பவர்களிலேயே குறைவாகச் சம்பாதிக்கிறவருக்குத்தான் இழப்பு. நேரப்பிழையைத் திருத்திக் கூலியைக் கொடுத்துவிட்டோம். வாசலில் ஒரு தகரத் தடுப்பும் விளக்கும் போட்ட பின் நிராகரிப்பு வெகுவாகக் குறைந்தது. செக்கிங் பிரிவில் வேலை செய்யும் அக்கா தங்கை இருவரை மட்டும் இன்றுவரை அவ்வப்போது மாற்றிப் பதிந்துவிடுகிறது.

இனி, நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். முகம் பார்க்கும் கருவி முகத்தைச் சேமிப்பதில்லை, அதை ஒரு எண் வரிசையாக மாற்றி அந்த எண்களையே வைத்துக்கொள்கிறது என்று விற்பனையாளர் சொன்னார். பாதி உண்மை. முகத்தின் அமைப்பிலிருந்து ஒரு எண் வார்ப்பைக் கருவி உருவாக்குகிறது என்பதும், மறுநாள் வருகிறவரின் முகத்திலிருந்து உருவாகும் வார்ப்போடு அதை ஒப்பிட்டு, ஒற்றுமை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஏற்றுக்கொள்கிறது என்பதும் சரி. அந்த வார்ப்பிலிருந்தே முகத்தை ஏறக்குறைய மீட்டு வரைய முடியும் என்று ஆய்வாளர்கள் ஏற்கெனவே காட்டியிருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் கருவி வார்ப்போடு சேர்த்து முதலில் எடுத்த முழுப் புகைப்படத்தையும், ஒவ்வொரு நாளும் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் எடுத்த புகைப்படங்களையும் சேமித்து இணையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒருவருக்கு நாளைக்குக் குறைந்தது இரண்டு படம். சாப்பாட்டு வேளைப் பதிவையும் சேர்த்தால் நான்கு. 74 பேருக்கு ஓராண்டில் எத்தனை படம் ஆகும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தது மிகவும் தாமதமாகத்தான்.

அப்படிக் கணக்குப் போட வைத்தவர், சிங்கர் மெஷினில் தைக்கும் ஒரு பெண் டெய்லர். அந்தச் சேவையின் கைப்பேசிச் செயலியில் தாமதமாக வந்தவர்களின் பட்டியல் புகைப்படத்தோடு வரும். எங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் அந்தத் திரையை அப்படியே படமெடுத்து, ஆட்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தினமும் போட்டுவந்திருக்கிறார். காலை வேளையில், தலை கலைந்து, வியர்த்து, ஓடிவந்து நிற்கும் முகங்கள் அவை. யாரும் என்னிடம் புகார் சொல்லவில்லை. அந்தப் பெண் மட்டும் கணக்கு முடித்துக்கொண்டு போகும் நாளில், “வேலையை விட்டுப் போறேனுங்க. அந்த மெஷின்ல இருக்கற என்ற போட்டோவையெல்லாம் எடுத்துருவீங்களா சார்?” என்று கேட்டார். எடுத்துவிடுகிறேன் அம்மா என்று வாக்குக் கொடுத்தேன்.

வாக்கைக் காப்பாற்ற எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. கருவியில் அவருடைய பதிவை நீக்கினேன். மறுநாள் காலை இணையச் சேமிப்பிலிருந்து அதுவே திரும்பக் கருவிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. சேவைப் பிரிவை அழைத்தபோது, அவரைச் செயலற்றவராக மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். செயலற்றவராக மாற்றுவது வேறு, அழிப்பது வேறு என்று விளக்க வேண்டியிருந்தது. அழிக்கும் அதிகாரம் தங்களிடம் இல்லை, சேமிப்பு இன்னொரு நிறுவனத்துடையது, அங்கே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அந்த இன்னொரு நிறுவனம் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. கடைசியில் அழித்துவிட்டதாக ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. நகல்களும் அழிந்தனவா என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது. நாங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அதன்பின் எடுத்துப் படித்தேன். சந்தா முடிந்தால் தகவலை எவ்வளவு நாளில் அழிப்பார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. தங்கள் சேவையை மேம்படுத்த அந்தத் தகவலைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற வரி மட்டும் தெளிவாக இருந்தது. அதற்கு என்ன பொருள்? எங்கள் ஆட்களின் முகங்களைக் கொண்டு அவர்கள் அடுத்த மென்பொருளைப் பழக்கலாம் என்றுகூடப் பொருள் கொள்ள இடமுண்டு.

கடவுச்சொல் வெளியானால் மாற்றிக்கொள்ளலாம். வங்கி அட்டை களவு போனால் முடக்கிவிட்டு வேறு வாங்கலாம். முகம் வெளியானால் ஒருவர் என்ன செய்வார்? இந்த ஒரு வேறுபாடுதான் மற்ற அலுவலகத் தகவல்களிலிருந்து இதைப் பிரித்து நிறுத்துகிறது. 2019 ஆகஸ்டில், சுப்ரீமா என்ற கொரிய நிறுவனத்தின் பயோஸ்டார் 2 என்ற நுழைவுக் கட்டுப்பாட்டுச் சேவையின் தகவல் தொகுப்பு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விரல்ரேகைகளும், முகமறிதல் தகவல்களும், மறைக்கப்படாத கடவுச்சொற்களும் அதில் இருந்தன. ரேகைகளை மீட்க முடியாத வடிவுக்கு மாற்றாமல் உள்ளபடியே வைத்திருந்தார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் கிளைகள் உள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் வாடிக்கையாளர் தகவல்களும் அந்தத் தொகுப்பில் கிடைத்தன. உடற்பயிற்சிக் கூடத்து வாசலில் விரலை வைத்தவர் தம் ரேகை அவ்வளவு தூரம் போய்த் திறந்து கிடக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார். அந்தக் கூடத்தின் உரிமையாளரும் எண்ணியிருக்க மாட்டார்.

அதைப் படித்த கையோடு எங்கள் கருவியைச் சோதித்தேன். மாட்டியவர் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றாமல் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டுச் சென்றிருந்தார்; அந்தக் கடவுச்சொல் கருவியின் கையேட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது, கையேடு இணையத்தில் கிடைக்கிறது. தொலைவிலிருந்து பழுது பார்ப்பதற்காக எங்கள் ரவுட்டரில் ஒரு வழியைத் திறந்துவைத்து, பிறகு மூடவே இல்லை. அலுவலகக் கணினியும் வாசல் கருவியும் ஒரே வலையில் இருந்தன. கருவிக்குள் நுழைகிறவர் எங்கள் கணக்குப் புத்தகம் இருக்கும் கணினி வரை வரலாம். செயலிக்கு ஒரே ஒரு பயனர் பெயர். முதலாளி, நான், இரண்டு மேற்பார்வையாளர்கள், வேலையை விட்டுப் போய்விட்ட முந்தைய கணக்கர் என ஐந்து பேருக்கு அது தெரியும். இவற்றில் எதையும் கருவியின் குறை என்று மட்டும் சொல்ல முடியாது, பாதி எங்கள் அலட்சியம். ஆனால் கடவுச்சொல்லை மாற்றாமல் இயங்கவே மாட்டேன் என்று சொல்லும்படி ஒரு கருவியைச் செய்வது கடினமான காரியம் அல்ல. 2024-இல் காஸ்பெர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உலகெங்கும் விற்பனையாகும் இதே வகைக் கருவி ஒன்றில் 24 பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றைப் பயன்படுத்தி, தீய நோக்கில் தயாரித்த கியூஆர் குறியீட்டைக் கேமராவுக்குக் காட்டியே உள்ளே நுழைந்துவிடலாம். எனவே இது வாசலில் மாட்டும் கடிகாரம் அல்ல, வாசலில் மாட்டும் கணினி. கணினிக்கு உரிய பராமரிப்பு அதற்கும் வேண்டும். கருவி எங்களிடம் வந்த பதினான்கு மாதத்தில் பாதுகாப்புக்கான மேம்படுத்தல் எத்தனை வந்தது என்று கேட்டேன். ஒன்றும் வரவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

வாங்கும்போது விற்பனையாளர் தந்த இன்னொரு யோசனையையும் இங்கே சொல்ல வேண்டும். ஆட்களுக்கான அடையாள எண்ணாக ஆதார் எண்ணையே போட்டுவிட்டால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்கோடு ஒப்பிட எளிது என்றார். எளிதுதான் என்று நானும் போட்டுவிட்டேன். அந்த எண்ணும், பெயரும், கைப்பேசி எண்ணும், முகமும், எத்தனை மணிக்கு வீட்டுக்குக் கிளம்புகிறார் என்பதும் ஒரே வரியில் சேர்ந்து நிற்கும் தொகுப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை யோசிக்கவில்லை. இப்போது எல்லாருக்கும் பழைய டோக்கன் எண்ணையே அடையாள எண்ணாக மாற்றியிருக்கிறேன். ஆதார் எண் தனிக் கோப்பில், தனிப் பூட்டில் இருக்கிறது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை ஒரு தணிக்கையாளர் நண்பரின் உதவியோடு படித்தேன். 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்சார்ந்த அடையாளத் தகவலை உணர்திறன் மிக்க (சென்சிட்டிவ்) தகவல் என்று தனியே வகைப்படுத்தி, அதைச் சேகரிக்க எழுத்துவழி ஒப்புதல் வேண்டும் என்கின்றன. 2023-இல் நிறைவேறிய எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படி ஒரு தனி வகையை வைத்துக்கொள்ளவில்லை. வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஒப்புதல் பெறாமலேயே தகவலைக் கையாள அந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இடம் தருகிறது. விற்பனையாளர்கள் இந்த ஒரு பிரிவை மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள். அடுத்து வரும் 8-ஆம் பிரிவை அவர்கள் காட்டுவதில்லை. தகவலைச் செயலாக்கும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்தாலும், அவரோடு என்ன ஒப்பந்தம் இருந்தாலும், பொறுப்பு தகவலைச் சேகரிக்கச் சொன்னவருடையதே என்கிறது அது. அதாவது, சேமிப்பை நடத்தும் நிறுவனம் கவனக்குறைவாக இருந்து எங்கள் ஆட்களின் படங்கள் வெளியானால், முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி இந்தக் கடமைகளில் பெரும்பாலானவை 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. இன்று மூன்றாண்டுச் சந்தாவுக்குக் கையெழுத்திடுகிறவர் அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட காலத்துக்கும் சேர்த்தே கையெழுத்திடுகிறார்.

சட்டம் ஒப்புதல் தேவையில்லை என்று சொல்லும் இடத்தில் கேட்காமல் இருந்துவிடலாமா என்பது வேறு கேள்வி. கருவி மாட்டிய நாளில் நான் 74 பேரையும் வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தேன். எதற்கு, எங்கே போகும், எவ்வளவு நாள் இருக்கும் என்று யாருக்கும் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. ஒடிசாப் பையன்களுக்கு நான் பேசும் தமிழும் புரியாது, என் அரைகுறை இந்தியும் முழுதாகப் புரியாது. அன்று யாராவது மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? சம்பளம் போட முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். கூலியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பெறும் சம்மதத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள எனக்கு இப்போது மனம் வரவில்லை.

பிரிட்டனில் இந்தக் கேள்வி அதிகாரபூர்வமாகவே எழுந்தது. அங்கே செர்கோ லெஷர் என்ற நிறுவனம் தன் 38 பொழுதுபோக்கு மையங்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களின் வருகையை முகத்தையும் விரல்ரேகையையும் கொண்டு பதிந்துவந்தது. 2024 பிப்ரவரியில் அந்நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம் அதை நிறுத்தும்படியும், வைத்திருக்கச் சட்டக் கடமை இல்லாத தகவல்களை மூன்று மாதத்தில் அழிக்கும்படியும் உத்தரவிட்டது. அட்டையைப் போன்ற எளிய வழிகள் இருக்கும்போது முகம் எதற்கு என்பதும், ஊழியருக்கு வேறு வழி உண்டு என்று தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதும், இரு தரப்புக்கும் சமவலிமை இல்லாத இடத்தில் ஊழியரால் மறுக்க முடியாது என்பதும் அந்த முடிவின் காரணங்கள். அதைப் படித்தபோது எங்கள் வாசலைப் பற்றியே எழுதியது போல எனக்குத் தோன்றியது. கருவி வருவதற்கு முந்தைய ஓராண்டில், ஒருவருக்காக இன்னொருவர் வருகை போட்டதை நாங்கள் உறுதியாகக் கண்டுபிடித்தது மூன்று முறை. மூன்று கால் ஷிப்ட் இழப்பைத் தடுக்க 74 பேரின் முகங்களை ஊர் தெரியாத சேமிப்புக்கு அனுப்பியது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

பத்தாவது மாதத்தில் செயலியில் புதிதாக ஒரு வசதி தோன்றியது. தையல் கூடத்துக் கேமராக்களை இதே சேவையோடு இணைத்தால், யார் எத்தனை நிமிடம் இருக்கையில் இல்லை என்று நாள் முடிவில் பட்டியல் தரும். முதல் மூன்று மாதம் இலவசம். முதலாளி ஆர்வமாக இருந்தார். அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணா, இதில் முதலில் தெரியப்போவது எந்தப் பெண் எத்தனை முறை கழிப்பறைக்குப் போனார் என்பதுதான், அந்தப் பட்டியலும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போக எத்தனை நாளாகும் என்று நான் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த இடத்தில் அவரைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் அதே திரை எத்தனையோ தொழிற்கூடங்களின் கைப்பேசிகளில் அதே நாளில் தோன்றியிருக்கும். வருகை பதிய என்று வாங்கிய ஒன்று, ஒரு விரல் தொடுதலில் ஆளைப் பின்தொடரும் பொருளாக மாறுவதற்குக் கருவியில் எந்தத் தடையும் இல்லை. எதற்காக எடுத்த தகவலோ அதற்கு மட்டும் என்று வரையறுக்கும் ஒரு வரியை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கியிருந்தால் தடை எங்கள் கையில் இருந்திருக்கும்.

இப்போது கருவியை இணையத்திலிருந்து பிரித்துவிட்டோம். வாரத்துக்கு ஒருமுறை பென் டிரைவில் பதிவுகளை எடுத்து என் கணினியில் ஏற்றுகிறேன். அதனால் எனக்குக் கூடுதலாக ஆகும் நேரம் அரை மணி. ஒவ்வொரு பதிவுக்கும் படம் எடுப்பதை நிறுத்தும் அமைப்பு கருவிக்குள்ளேயே இருந்தது, அதை நிறுத்தியாயிற்று. நிர்வாகக் கடவுச்சொல் மாற்றப்பட்டது, ரவுட்டரில் திறந்திருந்த வழி மூடப்பட்டது, கருவிக்குத் தனி வலை. முகம் வேண்டாம் என்கிறவருக்கு அட்டை தருகிறோம். தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறோம். இதுவரை பதினொரு பேர் அட்டை வாங்கியிருக்கிறார்கள், அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். அட்டை வாங்கியவர்களால் ஆள்மாறாட்டம் எதுவும் நடக்கவில்லை. தாமதமானவர்களின் பட்டியல் எந்தக் குழுவுக்கும் போவதில்லை.

ஆக, வாங்கலாமா என்று கேட்டால், கருவியை வாங்கலாம், அதனோடு கட்டித் தரும் சேவையை இப்போதுள்ள ஒப்பந்தத்தோடு வாங்க வேண்டாம் என்பதே என் பதில். இருபது முப்பது பேர் வேலை செய்யும் இடமாக இருந்தால் கருவியும் தேவையில்லை. அட்டையும் முகம் தெரிந்த மேற்பார்வையாளரும் போதும். பெரிய இடமாக இருந்து வாங்கத்தான் வேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன் விற்பனையாளரை உங்கள் எதிரில் உட்கார வைத்து, ஒரு ஆளைப் பதியச் சொல்லி, பிறகு அவரை எல்லா இடத்திலிருந்தும் முழுதாக அழித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்களிடம் வந்தவரால் அதைச் செய்ய முடியாது என்று இன்று எனக்குத் தெரியும். தகவல் எந்த நாட்டில் இருக்கிறது, சந்தா நின்றால் எத்தனை நாளில் அழிப்பார்கள், கசிவு ஏற்பட்டால் எத்தனை மணி நேரத்தில் உங்களுக்குச் சொல்வார்கள் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். கணினிப் பாதுகாப்பு விபத்துகளை ஆறு மணி நேரத்துக்குள் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2022-இலேயே மத்திய அரசின் இந்தியக் கணினி அவசரநிலைக் குழு (செர்ட்-இன்) உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவைப் பற்றி எங்கள் விற்பனையாளர் கேள்விப்பட்டிருக்கவில்லை.

எங்கள் சந்தா இன்னும் பத்து நாளில் முடிகிறது, புதுப்பிக்கப்போவதில்லை. இதுவரை சேர்ந்த படங்கள் அனைத்தையும் நகல்களோடு அழித்து அதற்குச் சான்று தர வேண்டும் என்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். 74 பேரின் டோக்கன் எண்களையும், இடையில் வேலையை விட்டுப் போன பத்தொன்பது பேரின் எண்களையும் அதில் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும், அது எப்படி இருந்தாலும், அதை இந்த மதிப்பீட்டின் கீழே சேர்க்கிறேன்.